சாக்லேட் சாஸ் செய்யப் போய்க் களிமண் உருண்டை ஆகிவிட்டது, என்ன தப்பு செய்தேன்?

பாதிவெந்தது:

நேற்று ராத்திரி ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக்கொள்ளலாம் என்று சாக்லேட் சாஸ் செய்ய இறங்கினேன். 100 கிராம் டார்க் சாக்லேட், உறையில் கோகோ 60 சதவீதம் என்று போட்டிருந்தது. கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன், அதுவரை ஒரு குறையும் இல்லை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. ஊற்றுவதற்குக் கொஞ்சம் கெட்டி என்று தோன்றியதால் இரண்டு தேக்கரண்டி பால் விட்டேன், அவ்வளவுதான். கரண்டியை நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் மினுமினுப்பெல்லாம் செத்து, மொத்தமும் சுருண்டு கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சூடு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பத்து நிமிடம் அடுப்பிலேயே வைத்தேன். இளகவில்லை, ஓரத்தில் எண்ணெய் கசிந்ததுதான் மிச்சம்.

சாக்லேட் போலியா, பால் கெட்டுப்போனதா, இல்லை என் கைதான் சரியில்லையா? உருண்டையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, கிண்ணத்தோடு மூடி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

மரக்கரண்டி:

பாலும் நல்ல பால்தான், சாக்லேட்டும் நல்ல சாக்லேட்தான். நீங்கள் விட்ட பால் போதவில்லை.

படிக்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் சாக்லேட்டில் தண்ணீர் கிட்டத்தட்டக் கிடையாது. கோகோ வெண்ணெய் என்கிற கொழுப்புக்குள் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் மிதந்துகொண்டிருக்கின்றன. உருக்கினால் கொழுப்புதான் இளகும், துகள்கள் உலர்ந்தபடியே இருக்கும். அதில் கொஞ்சமே கொஞ்சம் ஈரம் பட்டால் சர்க்கரை நனைந்து பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டும், பக்கத்தில் இருக்கிற கோகோவையும் இழுத்துக்கொள்ளும். சர்க்கரை டப்பாவுக்குள் ஈரக் கரண்டியை விட்டால் கட்டி தட்டுகிறதல்லவா, அதேதான். ஆனால் அதே டப்பாவில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் கட்டியா இருக்கும், பாகாகிவிடும். சாக்லேட்டிலும் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் சர்க்கரை முழுக்கக் கரைந்து, கொழுப்பு சின்னச் சின்னத் துளியாகப் பிரிந்து அதற்குள் மிதக்கத் தொடங்கும். அதுதான் சாஸ்.

கணக்கு சொல்கிறேன். 60 கிராம் சாக்லேட்டுக்குக் குறைந்தது ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, பாலோ தண்ணீரோ வேண்டும், சாக்லேட் கறுக்கக் கறுக்க இன்னும் கூட. உங்கள் 100 கிராமுக்கு 25 மில்லிக்குக் கீழே போனாலே ஆபத்து, நீங்கள் விட்டது 10. அதுவும் கட்டி தட்டாமல் இருப்பதற்கான அளவுதான், சாஸாக ஓட வேண்டும் என்றால் இன்னும் எவ்வளவோ வேண்டும்.

அந்த உருண்டையில் தீய்ந்த வாசனை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வரவில்லை என்றால் அதையே சாஸாக்கிவிடலாம். கொதிக்கக் கொதிக்கப் பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். முதல் இரண்டு கரண்டிக்குக் கோபம்தான் வரும், கையை எடுத்துவிடாதீர்கள்.

பாதிவெந்தது:

அக்கா, நான் இன்னும் இரண்டு தேக்கரண்டி விடலாமா என்று யோசித்துவிட்டு, "ஏற்கெனவே பாலால்தானே கெட்டது" என்று நிறுத்திக்கொண்டேன்! சாயங்காலம் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கடுங்காப்பி:

இந்தச் சாக்லேட் உருக்குகிற வம்பே எதற்கு என்று கேட்கிறேன். ஐஸ்கிரீம் மேல் ஊற்றுகிற சாஸுக்குக் கோகோத் தூள் போதும், வீட்டில் எப்போதும் இருக்கும், கட்டி தட்டினாலும் சாக்லேட் மாதிரி மொத்தமாகப் பழிவாங்காது.

சர்க்கரை 200 கிராம், இனிப்பில்லாத கோகோத் தூள் 60 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, மூன்றையும் உலர்ந்தபடியே பாத்திரத்தில் கலந்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை எல்லோரும் விட்டுவிட்டு, பிறகு கோகோ தண்ணீரில் மிதக்கிறது, திப்பி திப்பியாக நிற்கிறது என்று அழுகிறார்கள். கோகோவில் கொழுப்பு இருக்கிறது, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். சர்க்கரை நடுவில் புகுந்து துகள்களைப் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நனையும். அப்புறம் 240 மில்லி தண்ணீரில் ஒரு கால் பங்கை மட்டும் வெந்நீராக விட்டுக் கெட்டிக் குழம்பு மாதிரி குழைத்துக்கொண்டு, மீதியை ஊற்றி, அடுப்பை மிதமாக வைத்துக் கொதி வந்த பிறகு மூன்று நான்கு நிமிடம் கிண்டினால் முடிந்தது. பெரிய பாத்திரமாக எடுங்கள், பால் மாதிரியே நுரைத்துப் பொங்கும், ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பினால் அடுப்புதான் சாஸ் சாப்பிடும். இறக்கிய பிறகு ஒரு தேக்கரண்டி வெனிலா. கொதிக்கும்போதே விட்டால் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும்.

இன்னொன்று, நான் மூன்று தடவை கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அடுப்பில் இருக்கும்போது இது சாஸ் மாதிரியே இருக்காது, தண்ணியாகக் கஷாயம் மாதிரிதான் ஓடும். "இன்னும் கெட்டியாகட்டும்" என்று காத்திருந்தால் ஆறின பிறகு கரண்டி நிமிர்ந்து நிற்கும். ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே ஃபிரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். கொதித்த மூன்றாவது நிமிடம் அதில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் நடுவில் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மெதுவாக மூடிக்கொண்டால் பதம் சரி, அப்போதே இறக்கிவிடுங்கள். மூடாமல் அப்படியே நின்றால் தாண்டிவிட்டீர்கள், ஒரு கரண்டி வெந்நீர் விடுங்கள்.

இரவுப்பசி:

சர்க்கரையோடு உலர்ந்தபடி கலப்பது எனக்குப் புதுசு. நான் இத்தனை நாளும் கொதிக்கிற பாலில் கோகோவைத் தூவிவிட்டு வடிகட்டியில் பாதியைத் தொலைத்துக்கொண்டிருந்தேன். சரி, என் பிரச்சினை வேறு. இப்படிச் செய்த சாஸ் பத்து நாள் கழித்து ஜாடி ஓரத்தில் மணல் மணலாகிவிடுகிறது, பல்லில் நறநறக்கிறது. கோகோ கரையாததாலா?

கடுங்காப்பி:

கோகோ எப்போதுமே கரையாது, மிதந்துகொண்டுதான் இருக்கும். நறநறப்பது சர்க்கரை. ஒன்று, சர்க்கரை முழுக்கக் கரைவதற்குள் கொதி வந்திருக்கும். இல்லாவிட்டால் பாத்திரத்தின் பக்கவாட்டில் தெறித்து ஒட்டிக் காய்ந்த படிகம் உள்ளே விழுந்திருக்கும், ஒன்று விழுந்தால் போதும், மற்றதெல்லாம் அதைப் பார்த்துப் படிகமாகும். ஈரத் தூரிகையால் பக்கங்களைத் துடைத்துவிட்டுக்கொண்டே செய்யுங்கள். ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸ் சிரப் சேர்த்தால் படிகம் கட்டுவது நன்றாகக் குறையும். அது இல்லாவிட்டால் நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு, கொதிக்கும்போதே. புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்துவிடும், அந்த அளவில் நாக்குக்குத் தெரியாது.

வாரக்கடைசி:

எல்லோரும் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்களே, ஒரு கப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி கோகோ, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி சோளமாவு கரைத்துக் கொதிக்கவிட்டால் ஐந்தே நிமிடத்தில் சாஸ். பதம் பார்க்க வேண்டாம், ஃபிரீசரில் தட்டு வைக்க வேண்டாம், கண்ணெதிரிலேயே கெட்டியாகும். எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இதுதான், யாரும் குறை சொன்னதில்லை.

கடுங்காப்பி:

குறை சொல்லாததற்குக் காரணம் உங்கள் வீட்டார் நல்லவர்கள். 😄

விளையாட்டுக்குச் சொன்னேன். சூடாக ஊற்றி உடனே சாப்பிட்டு முடிப்பதாக இருந்தால் சோளமாவு சாஸை நான் ஒதுக்க மாட்டேன், அவசரத்துக்கு நானும் செய்ததுண்டு. ஆனால் அது நாக்கில் மாவாக நிற்கும், கோகோவின் கசப்பையும் வாசனையையும் போர்வை போட்டு மூடிவிடும், பளபளப்பும் போய்விடும். சரியாகக் கொதிக்காவிட்டால் பச்சை மாவு வாடை வேறு, 95 டிகிரி பக்கம் போனால்தான் அது முழுசாக வேகும், பலரும் கெட்டியானதைப் பார்த்ததும் இறக்கிவிடுகிறார்கள். ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், ஊற்ற முடிகிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

வாரக்கடைசி:

எங்கள் வீட்டில் ராத்திரி வரைக்கும் மிஞ்சினால்தானே. சரி, இந்த வாரம் வேண்டுமென்றே எடுத்து வைக்கிறேன், பார்ப்போம்.

மரக்கரண்டி:

கோகோ சாஸை நான் குறை சொல்ல மாட்டேன். ஐஸ்கிரீமுக்கும் மில்க்‌ஷேக்குக்கும் அது போதும், சில்லென்று இருக்கும்போதும் ஓடும். ஆனால் சூடான கேக் மேலோ வேகவைத்த பேரிக்காய் மேலோ ஊற்றும்போது அதில் உடம்பு இல்லை, பாகு மாதிரி வழிந்து தட்டில் தேங்கிவிடும். அங்கே கோகோ வெண்ணெய் வேண்டும். அது உருகுவது ஏறக்குறைய 34 டிகிரியில், நம் வாய்ச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, அதனால்தான் சாக்லேட் போட்ட சாஸ் வாயில் படர்கிறது. கோகோத் தூளில் அந்தக் கொழுப்பில் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்துவிட்டார்கள்.

நான் செய்வது: 100 கிராம் சாக்லேட்டைக் கத்தியால் பொடியாகச் சீவிக்கொள்வேன், உடைத்துப் போட்டால் நடுவில் உருகாத கட்டி நிற்கும். 120 மில்லி கிரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை சுட வைத்து, அப்படியே சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடவே மாட்டேன். ஊற்றியதும் கிளறினால் கிரீம் ஆறிப்போகும், சாக்லேட் பாதி உருகிய நிலையில் நிற்கும். இரண்டு நிமிடம் கழித்துக் கிண்ணத்தின் நடுவில் மட்டும் கரண்டியை வைத்துச் சின்ன வட்டமாகச் சுற்றத் தொடங்குங்கள். முதலில் திரிந்த மாதிரி வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுக் கீற்றாக இருக்கும், பயப்பட வேண்டாம். நடுவில் ஒரு காசளவுக்குக் கறுப்பாக, பளபளவென்று ஒரு புள்ளி தெரியும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பரப்பிக்கொண்டு போவது போலச் சுற்றுங்கள். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு வெண்ணெய். இன்னும் ஓட வேண்டும் என்றால் வெதுவெதுப்பான பால் 30 மில்லி.

உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூடவே கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூள் போட்டால் காபி ருசி தெரியாது, சாக்லேட் ருசி தூக்கலாகத் தெரியும்.

தராசுத்தட்டு:

மரக்கரண்டி அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன், நான் எதையும் எடை போட்டே செய்கிற ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது உறையில் கொழுப்பு எது என்று படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு போட்டது காம்பவுண்ட் சாக்லேட். உருக்குவதற்கு மிகச் சுலபம், ஆனால் சாஸில் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். சாக்லேட் சிப்ஸும் சாஸுக்குத் தோதல்ல, அடுப்பில் உருவம் கலையாமல் நிற்பதற்காகவே பெரும்பாலும் கோகோ வெண்ணெய் குறைத்துச் செய்வது, அதனால் உருக்கினால் மொத்தையாகத்தான் இருக்கும்.

கோகோத் தூளிலும் இரண்டு வகை. சாதாரணத் தூள் கொஞ்சம் புளிப்பாக, செம்பழுப்பாக இருக்கும். புளிப்பை முறிக்கிற காரம் (அல்கலி, மிளகாய்க் காரம் இல்லை) சேர்த்துப் பக்குவப்படுத்தியது கறுப்பாக, புளிப்பில்லாமல் மென்மையாக இருக்கும். அந்த முறையைக் கொண்டு வந்தவர் 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் குன்ராட் வான் ஹவுட்டன், அதனால்தான் அதற்கு டச்சு கோகோ என்று பெயர். கேக்கில் எது போடுகிறோம் என்பது சோடா உப்பைப் பொறுத்து முக்கியம். சாஸில் அந்தக் கவலை இல்லை, நிறமும் ருசியும்தான். நான் டச்சு பக்கம்.

அப்புறம் "சாக்லேட்டில் தண்ணீர் படவே கூடாது" என்று வீட்டுக்கு வீடு சொல்வதைப் பற்றி. எர்வே தீஸ் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் 1995-ல் சாக்லேட்டையும் வெறும் தண்ணீரையும் மட்டும் வைத்தே நுரைத்த கிரீம் செய்து காட்டினார். ஏறக்குறைய 200 மில்லி தண்ணீரில் 225 கிராம் சாக்லேட்டைக் கரைத்து, ஐஸ் மேல் கிண்ணத்தை வைத்து அடித்தால் கிரீம் மாதிரியே உப்பி வரும். நான் மூன்று முறை செய்திருக்கிறேன், ஒரு முறை அதிகமாக அடித்து மணலாகிவிட்டது, திரும்ப உருக்கி அடித்தேன், வந்துவிட்டது. அடிப்பதற்கு முன்னால் அந்தக் கிண்ணத்தில் இருப்பதே ஒரு அருமையான சாஸ்தான். பால், கிரீம், வெண்ணெய் ஒன்றும் இல்லாததால் சாக்லேட்டின் ருசி நேரடியாக வந்து நிற்கும், ஆகவே சாக்லேட் சுமார் என்றால் அதுவும் நேரடியாகவே தெரியும்.

பால்வேண்டாம்:

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. இதுவரை கிரீமுக்குப் பதில் என்ன போடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன், தண்ணீரே போதுமா! உறைந்து கட்டியாகிவிடாதா?

தராசுத்தட்டு:

ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டியாகும், கிரீம் போட்டதும் அப்படித்தான் ஆகும். 100 கிராம் சாக்லேட்டுக்கு 90 மில்லி வெந்நீரில் தொடங்குங்கள், ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸ் சிரப் சேர்த்தால் கொஞ்சம் இளக்கமாக நிற்கும். டார்க் என்று எழுதியிருந்தாலும் சிலவற்றில் பால் கொழுப்பு சேர்ப்பதுண்டு, உறையின் பின்பக்கத்தைக் கட்டாயம் படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடுங்காப்பி சொன்ன கோகோ சாஸில் பால் என்ற பேச்சே இல்லை.

பாதிவெந்தது:

வந்துவிட்டேன். உருண்டையை வெளியே எடுத்தபோது கல் மாதிரி இருந்தது, தீய்ந்த வாசனை இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக் கொஞ்சம் இளகியதும் கொதிக்கிற பாலை ஒரு மேசைக்கரண்டி விட்டேன். பால் ஒரு பக்கம், உருண்டை ஒரு பக்கம், வழுக்கிக்கொண்டு ஓடியதே தவிரச் சேரவில்லை. இரண்டாவது கரண்டிக்கு இன்னும் அசிங்கமாகி, எண்ணெய் பிரிந்து, தயிர் திரிந்த மாதிரி ஆனது. அக்கா எழுதியிருக்காவிட்டால் சத்தியமாகத் தொட்டிக்குள் கவிழ்த்திருப்பேன். மூன்றாவதில் ஓரங்கள் மட்டும் குழையத் தொடங்கின. நாலாவது கரண்டி விட்டுச் சுற்றும்போது, கரண்டி போன வழியில் மட்டும் ஒரு பளபளப்பான கோடு விழுந்தது, அடுத்த சுற்றில் அது அகலமானது, ஐந்தாவது கரண்டிக்கு மொத்தமும் வழுவழுவென்று இறங்கிவிட்டது. ஆறாவது கரண்டியோடு நிறுத்தினேன். கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி மடிந்து மடிந்து விழுந்தது. நேற்று பத்து நிமிடம் சுட்டதன் அடையாளமாக அங்கங்கே நாலைந்து குருணை இருந்தன, வடிகட்டினேன், போய்விட்டன.

இப்போது ஒரு கேள்வி. மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

மரக்கரண்டி:

அந்த இரண்டாவது கரண்டியில்தான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள், நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

பாலோ கிரீமோ போட்டது என்றால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம், அதற்கு மேல் நான் நம்ப மாட்டேன். தண்ணீரும் சர்க்கரையும் கோகோவும் மட்டும் என்றால் மூன்று வாரம் வரை வைத்திருக்கிறேன். இரண்டுக்குமே ஜாடி உலர்ந்திருக்க வேண்டும், நக்கின கரண்டியைத் திரும்ப விடக் கூடாது, இதை வீட்டில் இருப்பவர்களுக்கு எழுதி ஒட்டினாலும் பயன் இல்லை. எடுக்கும்போது கெட்டியாக இருந்தால் ஜாடியை வெந்நீரில் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதிச் சக்தியில் 20 நொடி, வெளியே எடுத்துக் கிளறல், திரும்ப 20 நொடி. சாக்லேட் உருகினாலும் உருவம் கலையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும், பார்த்து "இன்னும் உருகவில்லை" என்று ஒரு நிமிடம் கூட்டி வைத்தால் நடுவில் தீய்ந்துவிடும். சூடு பண்ணும்போது எண்ணெய் பிரிந்தால் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டு வேகமாக அடியுங்கள், சேர்ந்துகொள்ளும்.

இரவுப்பசி:

ஐஸ்கிரீம் மேல் ஊற்றினால் ஓடு மாதிரி இறுகி, கரண்டியால் தட்டினால் உடையுமே, அது இதே சாஸா?

தராசுத்தட்டு:

அது வேறு. அதில் தண்ணீரே இருக்காது. 100 கிராம் டார்க் சாக்லேட்டோடு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து உருக்கினால் முடிந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கம் உறைந்துவிடும், ஐஸ்கிரீமின் குளிர்ச்சிக்குச் சில நொடியில் ஓடாகும். கிண்ணமும் கரண்டியும் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும், இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் இந்த இழையின் முதல் பதிவுக்குத் திரும்பிப் போய்விடுவீர்கள்.

பாதிவெந்தது:

😂 ஒரு தடவை பட்டது போதும்.

வாரக்கடைசி:

சொன்ன மாதிரியே நேற்றைய சோளமாவு சாஸில் அரைக் கிண்ணம் எடுத்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தேன். கிண்ணத்தைச் சாய்த்தேன், நகரவில்லை. தட்டில் கவிழ்த்தேன், கிண்ணத்தின் வடிவத்திலேயே வந்து உட்கார்ந்து லேசாக ஆடியது. கடுங்காப்பி சிரிக்க வேண்டாம், கத்தியால் துண்டு போட்டுச் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது. இனிமேல் அதற்குப் புட்டிங் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். சாஸுக்கு அந்த 60 கிராம் கோகோ கணக்கைக் குறித்துக்கொண்டேன், ஃபிரீசரில் ஒரு தட்டும் வைத்தாயிற்று.